பெடியளுக்குப் பிரெஞ்சுச் சொல் இல்லை

மொன்றியலுக்கு வந்த புதிதில் என்னைப் பிரெஞ்சு வகுப்பில் போட்டார்கள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த பொம்பிளை, மறுபடியும் வாங்கில் போய்க் குந்தி, "என் பெயர் இது, எனக்கு ஒரு பூனை இருக்கிறது" என்று படிக்கவேண்டி வந்தது. எனக்குப் பூனையே இல்லை. சரி, படிக்கச் சொன்னால் படிப்போம் என்று படித்தேன்.

ஒரு நாள் கடந்து போனதைச் சொல்லும் வினைச்சொற்கள் வந்தன. தமிழில் அதற்கு இறந்த காலம் என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு வேறு என்னதான் வாயில் வரும்? குடும்பத்தைப் பற்றி ஆளுக்கொரு வசனம் சொல்லுங்கள் என்றார் ஆசிரியை. பக்கத்தில் இருந்தவள் அம்மா சூப் காய்ச்சினாள் என்றாள். இன்னொருவர் தன்னுடைய அப்பா கார் வாங்கினார் என்றார். என்னுடைய முறை வந்தது. மனதுக்குள் "பெடியள் என்ர அண்ணையைக் கொன்றுபோட்டாங்கள்" என்று ஓடியது. அதையே சொல்லுக்குச் சொல் மாற்றி வாய்விட்டுச் சொன்னேன். பெடியளுக்கு நான் போட்ட சொல் "கார்சோன்". பையன்களுக்குப் பிரெஞ்சில் அதுதானே.

ஆசிரியை "மிக நன்று" என்றார். வசனத்தில் பிழையே இல்லை. அதற்குப் பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்குள் இறங்கியது. முகம் வெளுத்துப்போனது. அதற்குள் பின்வரிசையில் இருந்த அல்ஜீரியாக்காரர், நல்ல மனிதர், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "எந்த உணவகத்தில்?"

கார்சோன் என்றால் பரிமாறுகிறவனையும் குறிக்குமாம். அவருக்கு என் அண்ணனைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து கொன்றுபோட்டார்கள் என்று விளங்கியிருக்கிறது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். மெட்ரோவுக்கு நடந்து போகும் வழியெல்லாம் சிரித்தேன். பிறகு படியில் இறங்கும்போது அது அழுகையாகப் போய்விட்டது. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இறங்கினேன்.

பெடியள் என்றால் யாழ்ப்பாணத்தில் முன்பு வெறும் பையன்கள்தான். பந்தடிக்கிறவர்கள், மாங்காய்க்குக் கல்லெறிகிறவர்கள். எண்பதுகளில் துவக்குத் தூக்கியவர்கள் அந்தச் சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு "பெடியள் வந்தவங்கள்", "பெடியள் சொன்னவங்கள்" என்றால் இயக்கம் என்று குழந்தைக்கும் தெரியும். சனம் அதைப் பாசத்தோடுதான் சொன்னது. எங்கட பிள்ளையள் என்ற மாதிரி. என் அண்ணையும் அப்போது இருபத்துச் சொச்சம் வயதுப் பெடியன்தான். ஆனால் அவர் பொலிஸ். அரசாங்கத்தின் காக்கிச் சட்டை போட்டவர். பொலிசில் சேர்ந்தபோது சனம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்து வாழ்த்திவிட்டுப் போனது. இரண்டொரு வருடத்தில் அதே சனம் றோட்டில் அவரைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பியது. அவர் மாறவில்லை. காலம்தான் அவருக்கு அடியால் நழுவியது.

ஒரு காலையில் வேலைக்குப் போகும்போது, ரயில் கடவையில் வைத்து அண்ணையைச் சுட்டார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சப் பேர். வந்தவர்களில் ஒருத்தி, நான் கேட்கவேண்டும் என்றே, "பெடியள் சும்மா செய்ய மாட்டாங்கள், ஏதும் இருந்திருக்கும்" என்றாள். இன்றைக்கும் அந்த மனுஷியின் முகம் நினைவுக்கு வந்தால் எனக்கு நெஞ்சு எரியும். மறுநாள் அம்மா அண்ணையின் மிச்சக் காக்கிச் சட்டைகளை அடுப்பில் வைத்தார். சோறு காய்ச்சுகிற அடுப்பில்.

இனிச் சொல்ல வேண்டியது என் தம்பியைப் பற்றி. எனக்கு அடுத்தவன், கடைசி. அண்ணையைச் சுடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் வீட்டை விட்டுப் போனான். எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வயதுப் பெடியன் காணாமல் போனால் எங்கே போவான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரே வீட்டில் ஒருவன் பொலிஸ், ஒருவன் பெடியன். செத்த வீட்டுக்குத் தம்பி வரவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டி மூடும் வரைக்கும் பார்த்தேன். அன்றைக்குத் தொடங்கியது எனக்குள் ஒரே ஒரு கேள்வி. உனக்குத் தெரியுமோ? தெரிந்திருந்தும் பேசாமல் இருந்தனியோ?

அம்மா அதைக் கேட்காமலே ஊரில் கண்ணை மூடிவிட்டார். தம்பி ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்து, கலியாணம் கட்டி, மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லவாலில் வீடு வாங்கி, என்னையும் கூப்பிட்டான். என்னுடைய கலியாணம் நடந்து முடிந்து முறிந்தும் போயிருந்த நேரம். அவன் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். விமானத்தால் இறங்கியபோது தடித்த கோட்டு ஒன்றை எனக்குப் போட்டுவிட்டு, சிப்பை அவனே கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான். அந்த நேரமே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பயம்தான்.

அவன் வீட்டில் நிலக்கீழ் அறை எனக்கு. மாதா படத்துக்குப் பக்கத்தில், பொலிஸ் சட்டையோடு அண்ணை சிரிக்கிற படத்தை வைத்தேன். ஒரு நாள் வேலையால் வந்து பார்த்தால் படம் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, முகம் குப்புற. தம்பியின் மனைவி மெதுவாகத்தான் சொன்னாள்: வீட்டுக்கு ஆக்கள் வந்து போகினம் மச்சாள், அதுகள் கண்டால் வீண் கதை. அவள் சொன்னதில் பிழை இல்லை. தம்பியைப் பழைய பெடியன் என்று மதித்து வருகிறவர்கள்தான் அந்த ஆக்கள். தம்பி கதவடியில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். சொல்லவில்லை. படத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு அடுத்த மாதமே கோட்-டெ-நேஜ் பக்கம் ஒற்றை அறை ஒன்றுக்குப் போய்விட்டேன்.

அங்கே தனிமை என்றால் என்ன என்று நன்றாகப் படித்தேன். தொலைபேசி அடித்தால் யாராவது கம்பளம் கழுவித் தருகிறோம் என்பான். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தம்பி கூப்பிடுவான். சுகமோ, ஓம் சுகம், பிள்ளையள் சுகமோ, ஓம், குளிர் எப்பிடி, இருக்குது, சரி வைக்கிறன். வெளியில் என்னோடு கதைக்கிற ஒரே ஆள் மூலைக்கடைக்காரர், இங்கத்தைய பேச்சில் தெப்பனர்காரர். அவரும் "போன்ஜூர்" மட்டும்தான். பால் முடியாமலே சில நாள் பால் வாங்கப் போயிருக்கிறேன், அந்த ஒரு போன்ஜூருக்காக. கதை பேச ஆளில்லாமல் அடுப்பிலிருக்கிற பருப்போடு கதைத்திருக்கிறேன். விசர் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

வேலை ஒரு தையல் தொழிற்சாலையில். காவல்காரர்களுக்கும் கட்டடம் பார்க்கிறவர்களுக்கும் சீருடை தைக்கிற இடம். என் விதியைப் பாருங்கள். நான் சட்டைக்குக் கையை வைத்துத் தைத்துக் கொடுப்பேன், எனக்கு அடுத்த மெசினில் பொத்தான் வைப்பாள் ஓர் ஐரிஷ்காரி. மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவள், அறுபதை நெருங்கியவள், கால்வாய்ப் பக்கத்துப் பழைய ஐரிஷ் குடியிருப்பில் அவளுடைய ஆக்கள் எல்லாம். அவளும் என்னைப் போலத்தான், வாய் சும்மா கிடக்காது. மேற்பார்வை பார்க்கிறவன் முதுகைத் திருப்பினால் அவனைப் போல நடந்து காட்டுவாள்.

பிரெஞ்சு வகுப்பில் நடந்ததை ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் பகிடியாக அவளுக்குச் சொன்னேன். எந்த உணவகத்தில் என்று கேட்டாரடி என்று சொல்லிச் சிரிக்க வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் தொடக்கத்தில் அந்த வசனத்தை இங்கிலீஷில் சொல்லவேண்டி இருந்ததே. "த போய்ஸ்" என் அண்ணையைக் கொன்றார்கள் என்றேன். அவள் கையிலிருந்த சான்ட்விச்சைக் கீழே வைத்தாள். எந்தப் பையன்கள் என்று கேட்கவில்லை.

"ஓ," என்றாள். "த போய்ஸ்."

அவ்வளவுதான். நான் மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். பகிடி எங்கே போயிற்றோ தெரியாது. இந்தப் பெரிய ஊரில், இத்தனை மொழிக்குள், அந்தச் சொல்லை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லாத ஒருத்தி எனக்கு அடுத்த மெசினில் இருந்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, தண்ணிப் போத்தலைத் திறந்து குடித்தேன்.

பிறகு அவள் தன் அப்பப்பாவின் கதையைச் சொன்னாள். ஒரே நாளில் இல்லை, மதியச் சாப்பாட்டு நேரங்களில், பல மாதமாக. அவளுடைய அப்பப்பா அயர்லாந்தில் ஒரு கிராமத்துப் பெடியன். முதலாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்தான். ஊரே கூடி ஸ்டேஷனில் கையசைத்து அனுப்பியது. பிரான்சில் சேற்றுக்குள் கிடந்து, சாகாமல் திரும்பி வந்தான். வந்து பார்த்தால் ஊர் வேறு ஊர். அவன் போன பிறகு டப்ளினில் கலகம் வந்து, பிரித்தானியர் கலகக்காரரைச் சுட்டு, சனத்தின் மனம் முழுக்கத் திரும்பிவிட்டது. கையசைத்த ஆக்கள் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். அவனுடைய தாய் சட்டையின் பித்தளைப் பொத்தான்களை வெட்டி எறிந்துவிட்டு, கோட்டைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்துப் பூசைக்குப் போட்டுக்கொண்டு போக வைத்தாளாம். சாயம் மழையில் கரைந்து காக்கி தெரியும். அதற்குள் அவனுடைய சொந்தத் தம்பி, பிரித்தானியருக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய "போய்ஸ்" பக்கம் போய்விட்டான். ஒரு பின்னேரம் அந்தத் தம்பி வீட்டுக்குப் பின்பக்கத்தால் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் ஊரை விட்டுப் போ, போகாவிட்டால் உன்னைச் சுடுவார்கள் என்று சொன்னான். அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கப்பல் ஏறினான். மொன்றியல் துறைமுகத்தில் சுமை தூக்கி, கலியாணம் கட்டி, இங்கேயே செத்தான். தன்னைக் காப்பாற்றிய தம்பிக்குச் சாகும் வரை ஒரு வரி எழுதவில்லையாம். என்னவென்று எழுதுவது என்று கேட்டாள் அவள். துரத்திவிட்டதற்கு நன்றி என்றா?

நான் அன்றைக்குத் தைத்த சட்டைக் கைகள் இரண்டு தலைகீழாகப் போய்விட்டன.

அப்படித்தான் நான் ஐரிஷ் பெடியளைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கினேன். ஊரில் இருந்தபோது இரண்டொரு சிறுகதை எழுதியவள்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நகர நூலகத்துக்குப் போய், சூடாக்கிக்குப் பக்கத்து மேசையைப் பிடித்துவிடுவேன். போர்ப் புத்தகங்களை அகராதியோடு வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒன்றில் ஒரு படம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெடியள் வரிசையாக நிற்கிறார்கள். தொப்பி எல்லாருக்கும் பெரிது, காதுகள் வெளியே நிற்கின்றன. ஒருவன் படம் பிடிக்கிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு அப்படியே என் அண்ணையின் சிரிப்பு. அந்தப் படத்தைப் பார்ப்பதற்காகவே பல ஞாயிறு போனேன்.

பேர்கள்தான் பெரிய தலையிடி. ஐரிஷ் பேரை எழுதுவது ஒரு விதம், சொல்வது வேறு விதம். ஐரிஷ்காரி சொல்லித் தந்ததைத் தமிழில் எழுதினால் வைத்தியர் எழுதிய மருந்துப் பேர் மாதிரி வந்தது. விட்டுத் தள்ளு என்று மூத்தவன், இளையவன் என்றே எழுதினேன். இப்போது நினைத்தால், பேரில்தான் பிரச்சினை என்று என்னை நானே பேய்க்காட்டியிருக்கிறேன்.

கனடாவில் தமிழ்க் கடைகளில் இலவசமாகப் பத்திரிகைகள் வைப்பார்கள், தெரியும்தானே. அரிசி மூட்டைக்கும் கத்தரிக்காய்ப் பெட்டிக்கும் நடுவில் ஓர் அடுக்கு. அப்படி டொரண்டோவிலிருந்து வருகிற ஒன்றின் ஆசிரியர் என் கதையைத் தொடராகப் போட ஒத்துக்கொண்டார். முதல் வாரம் எடுத்துப் பார்த்தேன். நான் "பெடியள்" என்று எழுதிய இடமெல்லாம் "போராளிகள்" என்று இருந்தது. உடனே தொலைபேசியில் பிடித்தேன். பெடியள் என்பது கொஞ்சம் கொச்சையாக இருக்குது அக்கா என்றார். அது கொச்சை இல்லை, அது பாசம், அந்தப் பாசம்தான் என் கதையில் ஆளைக் கொல்லுகிறது, அதை எடுத்தால் கதையே இல்லை என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போயிருக்கும், பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். அடுத்த வாரத்திலிருந்து பெடியள் பெடியளாகவே வந்தார்கள்.

வாசித்த சனத்தைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. கடையில் ஒருவர் மறித்து, எங்கட கதை இவ்வளவு கிடக்க வெள்ளைக்காரன்ர கண்டறியாத கதை என்னத்துக்கு என்றார். இன்னொருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, ஐரிஷ் பெடியளும் எங்கட பெடியள் மாதிரியே வந்திருக்கிறாங்கள், நல்ல வேலை செய்யிறியள் என்று பாராட்டினார். ஊரில் சமாதானம் முறிந்து மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். எல்லாருக்கும் எல்லாமே அதுவாகத்தான் தெரிந்தது. ஆசிரியர் திரும்பவும் கூப்பிட்டார். மூத்தவன் இராணுவத்துக்குத் தகவல் குடுத்த துரோகி என்று முடித்தால் வாசகருக்கு ஒரு திருப்தி இருக்கும் என்றார். அப்படியென்றால் நீங்களே முடியுங்கோ என்று வைத்துவிட்டேன்.

எனக்கு அந்த நாவலில் புகழ் வேண்டியிருக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். லவாலில் இருக்கிற தமிழ்க் கடையிலும் அந்தப் பத்திரிகை கிடக்கும். தம்பி சனிக்கிழமை தோறும் அந்தக் கடைக்குப் போவான். மீன் சுற்றவாவது எடுத்துக்கொண்டு வருவான். அவன் வாசிக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன். இருபது வருடத்துக்கு மேலாக நேரே கேட்கமுடியாமல் கிடந்ததை ஐரிஷ்காரர் வாயால் கேட்டேன். இளையவன் பின்பக்கத்தால் வந்து எச்சரிக்கிற அத்தியாயத்தை எழுதியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தம்பி வந்தான். நீ ஏன்ரா வரேல்லை? அந்தத் தம்பியை நல்லவனாக எழுத எழுத, என் தம்பி மேல் கோபம் ஏறிக்கொண்டே போனது. மூத்தவன் ஒரு சின்னப் பெட்டியோடு விடியப்புறம் வண்டியேறுகிறான் என்று அத்தியாயத்தை முடித்தேன்.

அது வெளிவந்தது நவம்பரில், எங்கள் கோயிலில் மரித்தோருக்காகப் பூசை வைக்கிற மாதம். அந்த வருடம்தான் மெட்ரோவை லவால் வரைக்கும் நீட்டியிருந்தார்கள். அதற்கு முன்னம் தூரம், பஸ் மாறவேண்டும், குளிர் என்று இரண்டு பேருக்கும் ஒரு சாட்டு இருந்தது. இப்போது ஒரே செம்மஞ்சள் கோடு, ஏறி இருந்தால் சரி. அப்படியிருந்தும் மெட்ரோ வந்து மாதக்கணக்காகியும் அவனும் வரவில்லை, நானும் போகவில்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் அழைப்பு மணி அடித்தது. கம்பளம் கழுவுகிறவன் ஆளாகவே வந்துவிட்டான் என்று நினைத்தேன். திறந்தால் தம்பி. தலை நரைத்து, மூக்கு சிவந்து, கோட்டுக்குள்ளிருந்து பத்திரிகையின் முனை வெளியே தெரிய நின்றான். உள்ளே வா என்றேன். சப்பாத்தைக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்றான். பனித்தண்ணி உருகி அதில் ஊறியது.

"உந்தத் தம்பிக்காரன் பின்பக்கத்தால வந்து சொல்லுறதை உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டான்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு மனுஷி, அவளுடைய அப்பப்பாவின் கதை என்றேன். அவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "நான் நினைச்சன், அண்ணை உனக்குச் சொல்லியிருக்கிறார் எண்டு," என்றான்.

"என்னத்தை?"

"நான் வந்ததை."

கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அவன் நின்றபடியே சொன்னான். சுடுவதற்கு முதல் நாள் பின்னேரம், அம்மாவும் நானும் கோயிலுக்குப் போயிருந்த நேரம், வேலியைப் பிரித்துக்கொண்டு வளவுக்குள் வந்திருக்கிறான். ஒருவருக்கும் தெரியாமல் வந்தானாம், இயக்கத்துக்குத் தெரிந்திருந்தால் அவனுக்கும் அதே கதிதான். அண்ணை முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அவரைச் சுடப்போகிற கதையைச் சொல்லி, நாளைக்குப் போகாதை, இண்டைக்கு இரவே கொழும்புக்கு வெளிக்கிடு என்று கெஞ்சியிருக்கிறான்.

"அவர் என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர்."

தம்பி கோட்டிலிருந்த பத்திரிகையை எடுத்தான், திரும்ப உள்ளே வைத்தான். அவன் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"'பெடியள் எண்டா நீங்கள்தானேடா. நீ அங்க நிக்கேக்க என்னை ஆர் சுடப்போறான்?' எண்டு கேட்டவர், அக்கா. கேட்டுப்போட்டுத் திரும்பி எண்ணெய் விட்டவர்."

நான் அழவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணையின் குரல்தான். அவர் அப்படித்தான் கேட்டிருப்பார். அதே சிரிப்போடு, தலையைச் சரித்து, எண்ணெய்க் கையைப் பின்னால் துடைத்தபடி. துரோகி என்று அவரைச் சுட்டவர்களை அவர் கடைசிவரை தன் தம்பியாகவே நினைத்திருக்கிறார். செத்த வீட்டன்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று எங்கேயோ இருந்து இதை ஒருவருக்கும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"நான் அவங்களோட இல்லாமல் இருந்திருந்தா, அவர் பயந்திருப்பார்," என்றான் தம்பி. "பயந்து போயிருப்பார்."

இருபது வருடமாகச் சேர்த்து வைத்த கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அது கையில் கிடந்தது, கொடுக்க ஆளில்லாமல். கிட்டப் போய் அவன் கோட்டின் சிப்பைக் கழுத்தடியிலிருந்து கீழே இழுத்துவிட்டேன். சப்பாத்தைக் கழட்டு, நிலம் ஈரமாகுது என்றேன். அவன் குனிந்து கழற்றினான். நிமிர்ந்தபோதுதான் மாதாவுக்குப் பக்கத்தில் அண்ணையின் படத்தைக் கண்டான். கிட்டப் போனான், தொடவில்லை. காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கிறதைப் பார்த்துவிட்டு, எப்பவும் இப்பிடித்தான் என்றான்.

தேத்தண்ணி வைத்தேன். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் குடித்தோம். ஆனால் அது நத்தாருக்குத் தொலைபேசியில் கதைக்காமல் இருக்கிற மாதிரி இல்லை. இருட்டுப்பட முன்னம் அவன் வெளிக்கிட்டான். மெட்ரோ வரைக்கும் கூட நடந்தேன். வழியில்தான் சொன்னேன், கதை இன்னும் முடியவில்லை, மூத்தவன் வண்டி ஏறினதோடு நிற்கிறது, அடுத்த கிழமை மாற்றி எழுதலாம், வண்டியைப் பாதியில் நிற்பாட்டித் திரும்பி வரச் செய்யலாம், நீ சொன்ன மாதிரி, உண்மை மாதிரி எழுதலாம் என்றேன். எழுதுகிறவளுக்கு வருகிற யோசனையைப் பாருங்கள். தம்பி நிலையத்துக்குள் போய், சீட்டைப் போட்டு, தடையைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகு திரும்பி நின்றான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த இரும்புக் கம்பி இருந்தது.

"மாத்தாதை, அக்கா," என்றான். "அவன் கப்பல் ஏறட்டும்."

நான் மாற்றவில்லை. அடுத்த கிழமை பத்திரிகையில் மூத்தவன் கப்பல் ஏறினான்.